ஒரே வாளி, இரண்டு பிஎச்: செடித் தொட்டித் தண்ணீரின் கணக்கு

ஒரு நாள் மாலை மோட்டார் ஓடிக்கொண்டிருந்தபோது, மாடித் தொட்டிக்குப் போகும் குழாயிலிருந்து நேராக ஒரு வாளி போர் தண்ணீர் பிடித்தேன். மீன் தொட்டிக்கு மாற்றுவதற்காக. சும்மா ஒரு முறை சோதனைக் கிட்டில் பார்த்தேன், பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 7.1 என்று வந்தது. அதற்குள் யாரோ வந்துவிட்டார்கள், வாளி அப்படியே பால்கனியில் கிடந்தது. மறுநாள் காலையில் அதே வாளி, அதே தண்ணீர், அதே கிட். பிஎச் 8.2. கிட் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இன்னொன்று வாங்கி வந்தேன். அதுவும் 8.2 என்றே சொன்னது.

மீனோடு தண்ணீருக்கடியில் செடியும் வளர்க்கும் நன்னீர்த் தொட்டி, அதாவது செடித் தொட்டி, வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் முதலில் கேட்டுக்கொள்வது ‘உங்க தண்ணி பிஎச் எவ்வளவு?’ என்பதைத்தான். நானும் பல வருடம் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது யாராவது அப்படிக் கேட்டால், எந்த நேரத்து பிஎச் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. அந்த எண் தானாக எதையும் தீர்மானிப்பதில்லை. தண்ணீரில் பைகார்பனேட் எவ்வளவு, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்ற இரண்டும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் விட்டுவிட்டு பிஎச்சைத் துரத்தினால் காசும் போகும், மீனும் போகும். எனக்கு இரண்டும் போயிருக்கின்றன. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

உப்புத் தண்ணீர் என்ற ஒரே சொல்

நம் ஊரில் தண்ணீரை ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். சோப்பு நுரைக்காவிட்டால், பருப்பு வேகாவிட்டால், குழாயில் வெள்ளையாகப் படிந்தால், குடிக்கக் கரித்தால், எல்லாமே உப்புத் தண்ணிதான். வீட்டுக்கு அந்தச் சொல் போதும். மீன் தொட்டிக்குப் போதாது. ஏனென்றால் இந்த நான்கு தொல்லைகளுக்கும் காரணமான உப்பு ஒன்றே அல்ல.

சோப்பை நுரைக்கவிடாமல் செய்வதும் பருப்பை வேகவிடாமல் செய்வதும் கால்சியமும் மக்னீசியமும். இவை இரண்டும் சேர்ந்த அளவைத்தான் தொட்டிக்காரர்கள் ஜிஎச் என்கிறார்கள். மொத்தக் கடினத்தன்மை என்று பொருள். பருப்பு வேகவில்லை என்றால் வீட்டில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவார்கள் இல்லையா, அந்தச் சோடா உப்பில் இருக்கும் பைகார்பனேட்தான் அடுத்த அளவான கேஎச். கெண்டியின் அடியிலும் கீசர் கம்பியிலும் படியும் வெள்ளைப் பாறை இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து உண்டாவது: சூடு ஏறும்போது பைகார்பனேட் உடைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, கால்சியம் கார்பனேட் படிந்துவிடுகிறது. கரிப்புச் சுவைக்குப் பெரும்பாலும் சோடியம் குளோரைடு காரணம். அதற்கும் ஜிஎச், கேஎச் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

ஜி, கே என்ற எழுத்துகள் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தவை. கெஸாம்ட்ஹேர்ட்டே, கார்போனாட்ஹேர்ட்டே. அளவும் ஜெர்மன் டிகிரிதான். ஒரு டிகிரி என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கால்சியம் ஆக்சைடுக்குச் சமம், அதையே கால்சியம் கார்பனேட்டாகச் சொன்னால் 17.8 மில்லிகிராம். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் ‘மொத்தக் கடினத்தன்மை 300’ என்று இருந்தால் 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், சுமார் 17 டிகிரி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500) 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. அதாவது மனிதன் குடிக்கலாம் என்று சொல்லும் தண்ணீரே 11 டிகிரியிலிருந்து 33 டிகிரி வரை போகலாம். வெளிநாட்டுச் செடித் தொட்டிக் குறிப்புகளில் 4 முதல் 8 டிகிரி ஜிஎச் என்று போட்டிருப்பதை வாசித்துவிட்டு நம் போர் தண்ணீரைச் சோதித்தால் தலை சுற்றத்தான் செய்யும்.

கேஎச் என்பதைக் கடினத்தன்மை என்று சொல்வதே ஒரு விதத்தில் தவறான பெயர். அது கார்பனேட்டுகளின், முக்கியமாக பைகார்பனேட்டின் அளவு. அமிலம் எது வந்தாலும் முதலில் இதன் மேல்தான் இறங்கும். ஊர் வழியில் தலைச்சுமையை இறக்கி வைக்க நட்டிருக்கும் சுமைதாங்கிக் கல் மாதிரி. அது நிற்கும்வரை தண்ணீரின் பிஎச் பெரிதாக அசையாது. சுண்ணாம்புப் பாறை வழியாக வந்த தண்ணீரில் கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தே கரைந்து வருவதால் ஜிஎச், கேஎச் இரண்டும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஏறும். அதனால்தான் பலர் இரண்டையும் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லாத தண்ணீர் சென்னையில் நிறைய வீடுகளில் குழாயைத் திறந்தாலே கொட்டுகிறது. அதையும் சொல்கிறேன்.

வாளியின் விடை

பிஎச் என்ற அளவைக் கொண்டுவந்தவர் சோரன்சன். 1909-இல், கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில். நொதிகள் வேலை செய்வதை ஆராய்ந்துகொண்டிருந்தவருக்கு அமிலத்தன்மையைச் சுருக்கமாகக் குறிக்க ஓர் எண் தேவைப்பட்டது. மடக்கை அளவு என்பதால் ஒரு புள்ளி இறங்கினால் பத்து மடங்கு மாற்றம். 7-க்கும் 8-க்கும் இடையே ஒன்றுதானே வித்தியாசம் என்று நினைக்கும்போது இதை மறந்துவிடுகிறோம்.

செடித் தொட்டியில் பிஎச், கேஎச், கார்பன் டை ஆக்சைடு மூன்றும் ஒரே கணக்கில் கட்டப்பட்டவை. கேஎச்சை 3-ஆல் பெருக்கி, அதை 10-இன் அடுக்கில் ‘7 கழித்தல் பிஎச்’ என்பதால் பெருக்கினால், ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்று வரும். என் போர் தண்ணீரின் கேஎச் 12. வாளியைப் பிடித்த மாலையில் பிஎச் 7.1 என்றால் கணக்குப்படி கார்பன் டை ஆக்சைடு சுமார் 28 மில்லிகிராம். மறுநாள் 8.2 என்றால் 2 மில்லிகிராம் சொச்சம். நடுவில் இருந்த 26 மில்லிகிராம் இரவோடு இரவாகக் காற்றில் போய்விட்டது. கேஎச் காலையிலும் 12-தான். சோடா பாட்டிலைத் திறந்து வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் வாளியிலும் நடந்தது.

அந்த வாயு நிலத்துக்கடியில் எங்கிருந்து வந்தது? மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் மூச்சு விடுகின்றன. மண்ணின் இடுக்குகளில் கார்பன் டை ஆக்சைடு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி, வழியில் இருக்கும் சுண்ணாம்பையும் கரைத்து வைத்துக்கொள்கிறது. மோட்டார் அதை மேலே கொண்டுவந்ததும், அழுத்தம் குறைந்து, வாயு பிரிய ஆரம்பித்துவிடுகிறது. மாடித் தொட்டியில் கொட்டும்போதே கொஞ்சம் போய்விடும், அதனால்தான் குழாயில் வரும் தண்ணீரைச் சோதித்தால் இவ்வளவு பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

28 மில்லிகிராம் என்ற எண்ணைக் கவனித்தீர்களா? கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர், ரெகுலேட்டர், வாயுவைப் பொடிக் குமிழியாக்கும் டிஃப்யூசர் என்று ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செடித் தொட்டிக்காரர்கள் எட்டப் பார்க்கும் அளவு 30. போர் தண்ணீர் அதை இலவசமாகக் கொண்டுவந்து, நாம் வாளியில் வைத்து ஆறப்போட்டு வீணாக்குகிறோம். தண்ணீர் மாற்றிய அன்று மதியம் மட்டும் இலை நுனிகளில் முத்து முத்தாகக் குமிழி வருவதைப் பலர் பார்த்திருப்பார்கள். அதில் ஒரு பங்கு இந்த வாயுவின் உபயம். ஒரு எச்சரிக்கை: நிலத்தடி நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மொத்தத் தொட்டியையும் அதைக் கொண்டு நிரப்பினால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் பயமில்லை.

பாட்டிலில் வாங்கிய அமிலம்

இப்போது அந்தக் கதை. தொட்டி ஆரம்பித்த புதிதில் என் பிஎச் 8.2. புத்தகக் கணக்குப்படி டெட்ரா மீனுக்கு 6.5 வேண்டும். ஒரு கடையில் பிஎச் குறைக்கும் திரவம் ஒரு பாட்டில் கொடுத்தார்கள், ‘பத்து சொட்டு விடுங்க சார், இறங்கிடும்’ என்று. இறங்கியது. மறுநாள் காலை மறுபடியும் 8-க்கு வந்து நின்றது. மறுபடி விட்டேன். மறுபடி ஏறியது. ஒரு வாரம் இந்த விளையாட்டு நடந்தது. பொறுமை இழந்து ஒரு நாள் மூடி மூடியாக ஊற்றினேன். அன்று பிஎச் 6-க்கும் கீழே போனது. இரவுக்குள் ஏழு நியான் டெட்ராக்களும் போய்விட்டன.

என்ன நடந்தது என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். இந்த மாதிரித் திரவங்களில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம் அல்லது கந்தக அமிலம். ஊற்றியதும் அது பைகார்பனேட்டைத் தாக்கி கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. பிஎச் இறங்கியதற்கு அந்தத் திடீர் வாயுதான் பெரும்பாலும் காரணம். ராத்திரியில் வாயு வெளியேறியதும் பிஎச் திரும்ப ஏறிவிடுகிறது. ஆனால் முன்பிருந்த கேஎச் இப்போது இல்லை, ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு டிகிரி கரைந்திருக்கிறது. சுமைதாங்கி தேய்ந்துகொண்டே வந்து, கடைசியாக நான் மூடி மூடியாக ஊற்றிய நாளில் முழுதாகச் சாய்ந்துவிட்டது. அந்தக் கணத்தில் உண்டான கார்பன் டை ஆக்சைடே மீனைக் கொல்லப் போதும். பாஸ்பாரிக் அமிலமாக இருந்தால் மிச்சமாகும் பாஸ்பேட் வேறு தண்ணீரில் தங்கிவிடும்.

பாதாம் மரத்து இலையைப் போட்டால் பிஎச் இறங்கும் என்பதும் இதே வகைதான். தெருவோரம் காய்ந்து விழும் அந்தச் சிவப்பு இலையிலிருந்து டானினும் ஹியூமிக் அமிலங்களும் தேநீர் நிறத்தில் இறங்கும். ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் அதை விடாமல் போடுகிறார்கள், நானும் போடுகிறேன், மீனுக்கு அது பிடித்திருக்கிறது என்று என் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கேஎச் 12 உள்ள தண்ணீரில் ஒரு கூடை இலை போட்டாலும் பிஎச் அசையாது. கேஎச் 1 உள்ள தண்ணீரில் இரண்டு இலை போதும்.

சாஃப்ட்னர் என்னும் ஏமாற்று

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி ஒரு பெரிய உருளைக்குள் கரைத்து ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சாஃப்ட்னர். உள்ளே இருக்கும் பிசின் மணிகள் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்கிறார்கள். குளிக்க, துவைக்க, கீசரைக் காப்பாற்ற அருமையான ஏற்பாடு.

செடித் தொட்டிக்கு இதைவிட மோசமான தண்ணீர் கிடைப்பது அரிது. கிட்டில் சோதித்தால் ஜிஎச் 1 அல்லது 2 காட்டும், நமக்கு மென்னீர் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம் வரும். கேஎச்சைச் சோதித்தால் பழையபடி 12. பைகார்பனேட்டை அந்த இயந்திரம் தொடவே இல்லை. செடிக்குத் தேவையான கால்சியமும் மக்னீசியமும் மட்டும் போய், அந்த இடத்தில் செடிக்குத் தேவையில்லாத சோடியம் உட்கார்ந்திருக்கிறது. புதுத் தளிர் சுருண்டு கோணலாக வரும். கால்சியம் செடிக்குள் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, அதனால் பஞ்சம் முதலில் தளிரில்தான் தெரியும். மக்னீசியம் நகரும், அதனால் அதன் குறை பழைய இலையில் நரம்புகளுக்கிடையே மஞ்சளாக வரும். இரண்டும் ஒரே செடியில் மேலும் கீழுமாகத் தெரிந்தால் சாஃப்ட்னர் தண்ணீரோ என்று முதலில் சந்தேகப்படலாம்.

சாஃப்ட்னர் போட்ட வீட்டில் தொட்டிக்கு மட்டும் அதற்கு முந்தைய குழாயில் தண்ணீர் பிடிப்பது ஒரு வழி. இந்த விஷயத்தில், கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் பேனா உதவவே உதவாது. ஆர்ஓ விற்க வருபவர்கள் எல்லோர் கையிலும் இருக்கும் அந்தப் பேனா அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. கால்சியமா சோடியமா குளோரைடா என்று அதற்குத் தெரியாது. சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் அது கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். சொட்டு விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஜிஎச், கேஎச் கிட்தான் இங்கே பேசும். 5 மில்லி தண்ணீருக்கு ஒரு சொட்டு ஒரு டிகிரி என்பது வழக்கம். 10 மில்லி எடுத்துக்கொண்டால் ஒரு சொட்டு அரை டிகிரி ஆகிவிடும், குறைந்த அளவுகளைத் துல்லியமாகப் பார்க்கலாம்.

நீகாட்டா தண்ணீரும் நம் தண்ணீரும்

இன்று உலகம் முழுக்கச் செடித் தொட்டி என்றதும் நினைவுக்கு வரும் அந்தப் புல்வெளி, பாறை, மரக்கட்டை அழகை உருவாக்கியவர் ஜப்பானின் நீகாட்டாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. 2015-இல் இறந்துபோனார். அவர் தொடங்கிய ஏடிஏ நிறுவனம் விற்ற களிமண் உருண்டை மண்ணையும் அதைப் பார்த்து மற்றவர்கள் செய்த மண்ணையும் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் ‘அக்வா சாயில்’ என்று வாங்கலாம். அந்த மண் பைகார்பனேட்டை இழுத்துக்கொண்டு கேஎச்சையும் பிஎச்சையும் இறக்கும். கால்சியத்தையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஜப்பானின் ஆறுகள் குட்டையானவை, செங்குத்தாக ஓடிக் கடலில் விழுபவை, பெரும்பாலும் எரிமலைப் பாறை மேல் ஓடுபவை. பாறையைக் கரைக்க நேரமில்லாததால் தண்ணீர் மென்மையாக இருக்கும். கேஎச் 2, 3 உள்ள தண்ணீரில் அந்த மண் ஒன்றிரண்டு வருடம் நின்று வேலை செய்யும். அதே மண்ணை கேஎச் 12 தண்ணீரில் போட்டு வாரம் பாதித் தண்ணீரை மாற்றினால், சில வாரங்களிலோ மாதங்களிலோ அதன் கொள்ளளவு தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு அது விலை உயர்ந்த சாதாரண மண். மண் போலி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று புலம்புகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். கடைக்காரர்களுக்காகப் பரிந்து பேச எனக்கு ஆசையில்லை, ஆனால் இதில் மட்டும் பழி தண்ணீர் மேல்.

‘பிஎச் 6.6 வேண்டும்’ என்ற வேதவாக்கும் இப்படி வந்ததுதான். கேஎச் 4 உள்ள தண்ணீரில் 30 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் பிஎச் 6.6 வரும். அவ்வளவுதான் அதன் மகத்துவம். கேஎச் 12 உள்ளவருக்கு அதே 30 மில்லிகிராமில் பிஎச் 7.1 ஆக இருக்கும். அவர் 6.6-ஐ எட்டுவேன் என்று வாயுவைத் திறந்துகொண்டே போனால் 90 மில்லிகிராம் தாண்டிவிடும், மீன் மிதக்கும். கேஎச் 2 உள்ளவர் 6.6-இல் நிறுத்தினால் அவர் செடிக்குப் பாதிதான் கிடைக்கும்.

டிராப் செக்கர் என்று தொட்டிக்குள் ஒட்டும் கண்ணாடிக் குமிழ் இந்தக் குழப்பத்தைத் தாண்டத்தான். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக்கூடாது. கேஎச் 4 என்று அளந்து தயாரித்த தண்ணீரில் புரோமோதைமால் நீலம் சில சொட்டு விட்டு வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் காற்று வழியாக வாயு மட்டும் உள்ளே போய்ச் சமநிலைக்கு வரும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சுமார் 30, மஞ்சள் என்றால் ஆபத்து. தொட்டியில் டானின் இருந்தாலும் பாஸ்பேட் இருந்தாலும் இந்தக் குமிழுக்குக் கவலையில்லை. நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதுதான் குறை.

செடி எதைத் தின்கிறது

தண்ணீருக்கடியில் வாழும் செடிக்குக் கார்பன் கிடைப்பதே பெரும் பாடு. காற்றில் வாயு வேகமாகப் பரவும், தண்ணீரில் அதைவிடப் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. அதனால் சில செடிகள் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்ததும் பைகார்பனேட்டை உடைத்து அதிலிருந்து கார்பன் எடுக்கப் பழகிக்கொண்டன. நம் குளங்களில் தானாக மண்டிக் கிடக்கும் ஹைட்ரில்லாவும் வேலிஸ்னேரியாவும் அந்த ஜாதி. பாசி வகைகளான மாஸ்களுக்கு அந்த வித்தை தெரியாது, கரைந்த வாயு மட்டும்தான்.

வெயில் படும் ஜன்னலோரத் தொட்டியில் வேலிஸ்னேரியா அடர்ந்திருந்தால் அதன் இலையைத் தடவிப் பாருங்கள். மணல் காகிதம் மாதிரி சொரசொரவென்று இருக்கும். பைகார்பனேட்டை எடுத்துக்கொண்டு அது கால்சியம் கார்பனேட்டை இலை மேலேயே படியவிட்டிருக்கிறது. கீசரில் சூடு செய்த வேலையை இங்கே செடி செய்திருக்கிறது. அந்த மாதிரித் தொட்டியில் மாலையில் பிஎச் 9-ஐத் தொடும், விடியும்போது மீண்டும் இறங்கியிருக்கும். குளத்திலும் இதேதான் தினம் நடக்கிறது. சிலிண்டர் வைத்தால் பகலில் பிஎச் ஒரு புள்ளி இறங்கி இரவில் ஏறுகிறதே, மீனுக்கு ஆகாதே என்று பயப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். வாயுவால் வரும் ஏற்ற இறக்கத்தை மீன் தாங்கும். தாங்காதது உப்புகளின் மொத்த அளவு திடீரென்று மாறுவது. அதில் உடம்புக்குள் இருக்கும் நீர்ச் சமநிலையே ஆட்டம் கண்டுவிடுகிறது.

கடினநீரில் என்ன வளரும் என்றால், நிறையவே வளரும். வேலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, ஹார்ன்வொர்ட், கிரிப்டோகோரைன் வென்டியை, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், அமேசான் வாள். டோனினா, எரியோகாலான், சில ரோட்டாலா ரகங்கள் முரண்டு பிடிக்கும். கேஎச் 3-க்குக் கீழே போகாமல் அவற்றின் மேல் காசைப் போடாதீர்கள்.

கடினநீரில் ஒரு சங்கடம் இரும்பு. பிஎச் ஏறினால் இரும்பு துருவாகி அடியில் படிந்துவிடும், செடிக்கு எட்டாது. தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அதைத் தடுக்க, இரும்பைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் இடிடிஏ, டிடிபிஏ போன்ற சேர்மங்களோடு சேர்த்து விற்கிறார்கள். உரக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ இரும்பு பிஎச் 6.5-க்கு மேல் பிடியை விட ஆரம்பிக்கும். டிடிபிஏ இரும்பு 7.5 வரை தாங்கும். 8-இல் தொட்டி வைத்திருப்பவர்கள் இடிடிஏ வாங்கிப் போட்டுவிட்டு உரம் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

மீன் பக்கம்

அமேசானின் கிளையாறான ரியோ நீக்ரோவின் தேநீர் நிறத் தண்ணீரில் பிஎச் 4-க்கும் 5-க்கும் இடையே இருக்கும், கேஎச் பூஜ்யம் என்றே சொல்லலாம். கார்டினல் டெட்ரா அங்கிருந்து வருவது. ஆப்பிரிக்காவின் தாங்கனீகா ஏரியில் பிஎச் 9 பக்கம். இரண்டையும் ஒரே தொட்டியில் வளர்க்க நினைப்பது நம் பேராசை. ஆனால் சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கும் கப்பி, மோலி, ஏஞ்சல், கௌராமி எல்லாம் இந்த ஊர் நிலத்தடி நீர்த் தொட்டிகளில் பிறந்தவை, அல்லது அங்கே பழகியவை. அவற்றுக்கு அமேசான் தண்ணீர் தயாரித்துக் கொடுப்பது தேவையற்ற உபசாரம். கப்பிக்கும் மோலிக்கும் கடினநீரே பிடிக்கும். நத்தைக்கும் இறாலுக்கும் ஓடு வேண்டும், கால்சியம் இல்லாத அமில நீரில் நத்தை ஓட்டில் ஓட்டை விழும்.

பிஎச் உயர்ந்த தொட்டியில் உண்மையாகவே பயப்பட வேண்டியது அம்மோனியாவுக்கு. மீன் கழிவில் வரும் அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். 28 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் அதில் நஞ்சான வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஎச் 8-இல் நூற்றில் ஆறேழு பங்கு. அதனால் நம் தண்ணீரில் புதுத் தொட்டியில் அவசரப்பட்டு மீன் விட்டால் தண்டனை சீக்கிரம் கிடைக்கும்.

மென்னீர்த் தொட்டியின் ஆபத்து வேறு திசையில். பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் இப்படி மாறினால் 7 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்கு இணையான காரத்தன்மை செலவாகும். கணக்குப் போட்டால், லிட்டருக்கு 11 மில்லிகிராம் நைட்ரேட் சேர்வதற்குள் ஒரு டிகிரி கேஎச் காலி. கேஎச் 12 இருப்பவர் இதைக் கவனிக்கவே மாட்டார். கேஎச் 2 இருப்பவர் ஒரு மாதம் தண்ணீர் மாற்றாமல் விட்டால் பிஎச் 6-க்குக் கீழே வழுக்கிவிடும், அந்த பாக்டீரியாக்களே மந்தமாகிவிடும். செடிகள் நைட்ரேட்டை உறிஞ்சும்போது இதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகின்றன, அடர்ந்த செடித் தொட்டிகள் பிழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கலப்பது எப்படி

கேஎச்சை நிஜமாகக் குறைக்க வேண்டுமென்றால் அமிலம் ஊற்றாமல், உப்பில்லாத தண்ணீரைக் கலக்க வேண்டும். கேஎச் 12, ஜிஎச் 16 உள்ள போர் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணீர் இரண்டு பங்கு. கேஎச் 4, ஜிஎச் 5 சொச்சம் கிடைக்கும். கால்சியமும் மக்னீசியமும் போரிலிருந்தே வந்துவிடுவதால் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சாஃப்ட்னர் வீட்டுக்காரர்கள் முழுக்க ஆர்ஓவில் ஆரம்பித்தால், 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்ப சோடா போட்டால் கேஎச் ஒரு டிகிரி ஏறும். 100 லிட்டருக்கு எப்சம் உப்பு 4.4 கிராமோ, ஜிப்சம் 3 கிராமோ போட்டால் ஜிஎச் ஒரு டிகிரி. ஜிப்சம் கரைய ஒரு நாள் கூட ஆகும், கலங்கலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வீட்டு ஆர்ஓ இயந்திரங்களில் பலவற்றில் சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் ஒரு திருகு உண்டு, சிலவற்றில் தாது சேர்க்கும் உருளையும் உண்டு. எனவே ஆர்ஓ என்றால் பூஜ்யம் என்று நினைக்காமல் ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்துவிட்டு அழகுக்காக ஒரு சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சல் கலந்த மணலையோ போட்டால் எல்லாம் வீண். கல்லின் மேல் நான்கு சொட்டு வினிகர் விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

ஆர்ஓவில் எனக்கு உறுத்துவது அது வடிகாலில் கொட்டும் தண்ணீர். ஒரு குடம் எடுக்க இரண்டு மூன்று குடம் வெளியே போகும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மழையைத்தான் பிடிக்கிறேன். முதல் இரண்டு மழையை மொட்டைமாடி கழுவ விட்டுவிட்டு, அதன் பிறகு வருவதை மூடியுள்ள நீல டிரம்மில். வானத்திலிருந்து விழும்போது மழைநீரின் கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம், பிஎச் 5.6 பக்கம். சென்ற முறை டிரம்மில் சோதித்தபோது கேஎச் 2 காட்டியது. கிட்டின் மேல் இந்த முறை சந்தேகம் வரவில்லை. மாடியின் சிமென்ட் தளமும், கசிவை அடைக்க அடித்த சுண்ணாம்பும் வழியில் கொடுத்தது அது. ஆகவே போர் தண்ணீரின் பங்கை மூன்றில் ஒன்றிலிருந்து ஐந்தில் ஒன்றாக்கினேன், கேஎச் 4-இல் வந்து நின்றது.